தளர்ந்த ஜவ்வு, நழுவும் மூட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோபி, சத்தி, அந்தியூர் பக்கம் காதுகுத்து, கல்யாணம் என்று எந்த விசேஷத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் என் முழங்கால் பட்டையைப் பார்த்துவிட்டுப் பேச்சை ஆரம்பிப்பார். பேச்சு முடிவதற்குள் அவர் வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பது தெரிந்துவிடும். அப்படிக் கேட்டவர்களின் கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. பிறவியிலேயே ஜவ்வு தளர்ந்து, மூட்டுகள் அடிக்கடி நழுவும் உடம்போடு இருப்பவள். என் மகளுக்கும் இது உண்டு. எலும்பு டாக்டர்களும் பிசியோதெரபி அம்மாவும் சொல்லிக் கொடுத்ததும், வீட்டிலும் தோட்டத்திலும் புழங்கிப் பார்த்ததும்தான் கீழே இருப்பவை.

இது எலும்பு பலவீனமாங்க? கால்சியம் மாத்திரை சாப்பிட்டால் சரியாகாதா?

எலும்பில் குறை இல்லை. எலும்போடு எலும்பைப் பிடித்து வைத்திருக்கும் நார்தான் ஜவ்வு. ஆஸ்பத்திரியில் லிகமென்ட் என்பார்கள். ஒரு மூட்டு எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் போகலாம் என்று எல்லை போடுவது அதன் வேலை. அந்த நாருக்கு உறுதி கொடுப்பது கொலாஜன் என்ற புரதம். சிலருக்குப் பிறவியிலேயே இந்த நார் இளகலாக அமைந்துவிடுகிறது. கயிற்றுக் கட்டில் தொய்ந்துபோனால் மரச்சட்டத்தை யாரும் குறை சொல்வதில்லை. அதே கதைதான் இது. எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு பளிச்சென்று இருக்கும். "ஒண்ணுமில்லைங்க, போயிட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவதும் அதனால்தான்.

ஜவ்வு தளர்வாக இருந்தால் மூட்டைப் பிடித்து நிறுத்தும் பொறுப்பு தசையின் தலையில் விழுகிறது. சும்மா நிற்கும்போதும் உட்காரும்போதும்கூடத் தசை ஓவர்டைம் பார்க்கிறது. சாயங்காலம் ஆனால் உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி இருப்பது அதனால்தான். இது மட்டும் மனதில் பதிந்துவிட்டால் கீழே வரும் பதில்களில் பாதியை நீங்களே சொல்லிவிடுவீர்கள். தளர்ந்த மூட்டை மேலும் இளக்கக் கூடாது, தசைக்குப் பலம் ஏற்றிப் பிடிப்புக் கொடுக்க வேண்டும்.

கால்சியம், விட்டமின் டி ரத்தத்தில் குறைவு என்று தெரிந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் அவை ஜவ்வை இறுக்காது. ஆட்டுக்கால் சூப்பும் அப்படித்தான். அதிலுள்ள கொலாஜன் வயிற்றில் போய்ச் செரித்துவிடுமே தவிர, நேராக முழங்காலில் போய் ஒட்டிக்கொள்ளாது. ருசிக்காகக் குடியுங்கள்.

எங்கள் பிள்ளைக்கு இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

ஓரளவு முடியும். டாக்டர்கள் பயன்படுத்தும் பெய்ட்டன் அளவுகோலுக்குக் கருவி எதுவும் வேண்டாம். மொத்தம் 9 மதிப்பெண். கையை மேசைமேல் வைத்துச் சுண்டுவிரலைப் பின்னால் தூக்கினால் 90 டிகிரிக்கு மேல் போகிறதா? கட்டைவிரலை மடக்கினால் முன்கையைத் தொடுகிறதா? முழங்கை நேர்கோட்டைத் தாண்டி 10 டிகிரிக்கு மேல் பின்னால் வளைகிறதா? முழங்காலும் அப்படியே வளைகிறதா? இந்த நான்குக்கும் வலது, இடது என்று பக்கத்துக்கு ஒரு மதிப்பெண். முட்டியை மடக்காமல் குனிந்து இரண்டு உள்ளங்கையையும் தரையில் பதிக்க முடிந்தால் கடைசி ஒன்று.

வயதுக்கு வராத பிள்ளைகளுக்கு 6, அதற்குமேல் 50 வயது வரை 5, 50 தாண்டியவர்களுக்கு 4, இந்த மதிப்பெண்ணோ அதற்கு மேலோ வந்தால் மூட்டுகள் தளர்வு என்பது 2017-ல் உலக அளவில் வகுத்த வரையறையில் உள்ள கணக்கு. மெதுவாகச் செய்து பாருங்கள்; வலித்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். சொந்தக்காரர் வந்தபோதெல்லாம் "கண்ணு, கையை வளைச்சுக் காட்டு சாமி" என்று வேடிக்கை காட்டச் சொல்வதையும் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு தடவையும் மூட்டு அதன் எல்லைக்குப் போய்த் திரும்புகிறது.

இந்த அளவுகோலில் தோள்பட்டை, இடுப்பு, கணுக்கால் எதுவும் வராது. மதிப்பெண் குறைவாக இருந்தும் தோள் அடிக்கடி நழுவுபவர்கள் உண்டு.

உடம்பு வளைந்தாலே நோயா?

கிடையாது. ஐரோப்பியர்களைவிட ஆசிய, ஆப்பிரிக்க மக்களிடம் வளையும் மூட்டு அதிகம். ஆண்களைவிடப் பெண்களிடமும், பெரியவர்களைவிடக் குழந்தைகளிடமும் அதிகம். வலி, நழுவல், களைப்பு எதுவும் இல்லையென்றால் வைத்தியம் எதற்கு?

கபடியில் ஜவ்வு கிழிந்ததும் இதுவும் ஒன்றா?

வேறு. ஓடும்போது கால் திரும்பி, முட்டிக்குள் 'டப்' என்று சத்தம் கேட்டு, கொஞ்ச நேரத்தில் வீங்கி, அந்தக் கால் மட்டும் நிற்காமல் மடங்குகிறது என்றால் அது அடிபட்டுக் கிழிந்த ஜவ்வு. அதற்கு எம்ஆர்ஐ, தேவைப்பட்டால் ஆபரேஷன் என்று தனி வழி இருக்கிறது. இங்கே நான் பேசுவது பிறவியிலிருந்தே பல மூட்டுகள் தளர்வாக இருப்பதைப் பற்றி. இன்னொன்றையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். மூட்டு சூடாகச் சிவந்து வீங்கி, காலையில் எழுந்து அரைமணி, ஒருமணி நேரம் ஆகியும் விறைப்பு விடவில்லை என்றால் அது முடக்குவாதம் போன்ற வாத நோயாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்.

பரம்பரையாக வருமா? சொந்தத்தில் கட்டியதால் வந்ததா?

குடும்பத்தில் தொடர்வது நிஜம். எங்கள் வீட்டில் அம்மாயிக்கு இருந்தது, அம்மாவுக்கு இருந்தது, எனக்கு, மகளுக்கு என்று இறங்கியிருக்கிறது. ஜவ்வு போன்ற நார்களைத் தளர்த்தும் எலர்ஸ்-டான்லோஸ் என்ற பிறவிக் கோளாறுகளில் 13 வகைகளை 2017-ல் வரிசைப்படுத்தினார்கள். டென்மார்க்கில் எலர்ஸ் 1901-லும் பிரான்சில் டான்லோஸ் 1908-லும் இதை விவரித்ததால் அந்தப் பெயர். அதில் அதிகம் காணப்படும் 'ஹைப்பர்மொபைல்' (மூட்டு அளவுக்கு மீறி வளையும்) வகை, பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே குழந்தைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்புள்ளது என்றுதான் கணிக்கிறார்கள். சொந்தத்தில் கட்டினாலும் அந்நியத்தில் கட்டினாலும் அந்தக் கணக்கு மாறாது. மிக அரிதான சில வகைகள் மட்டும் அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும். சொந்தத் திருமணம் அங்கேதான் கணக்கில் வருகிறது. அந்த வரையறைக்குள் முழுதாகப் பொருந்தாமல் மூட்டுத் தொல்லை மட்டும் இருப்பவர்களை 'ஹைப்பர்மொபிலிட்டி கோளாறு' என்ற பெயரில் சேர்க்கிறார்கள். இரண்டுக்கும் அன்றாடக் கவனிப்பு ஒன்றுதான்.

ஹைப்பர்மொபைல் வகைக்கு மட்டும் எந்த மரபணு காரணம் என்று உறுதியாகவில்லை. அதனால் அதை உறுதி செய்யும் ரத்தப் பரிசோதனையும் கிடையாது. உடம்பைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். பெரிய தொகைக்கு "ஜீன் டெஸ்ட் எடுத்தால் தெரிந்துவிடும்" என்று யாராவது சொன்னால், எந்த வகையைச் சந்தேகிக்கிறீர்கள் என்று கேளுங்கள்.

அலட்சியப்படுத்தக் கூடாத இரண்டைச் சொல்லிவிடுகிறேன். தோல் மெலிந்து உள்ளே நரம்பு நீலமாகத் தெரிவது, தொட்டதற்கெல்லாம் கன்றிப்போவது, குடும்பத்தில் இளவயதில் யாரேனும் ரத்தக்குழாயோ குடலோ வெடித்து இறந்திருப்பது: இவை எலர்ஸ்-டான்லோஸில் ரத்தக்குழாயைப் பாதிக்கும் வகையின் அடையாளங்கள். ஆள் நெடுநெடுவென்று வளர்ந்து, கைகால் விரல் எல்லாம் நீண்டு, சின்ன வயதிலேயே பார்வைக் கோளாறும் இருந்தால் மார்ஃபன் என்ற வேறொரு கோளாறை யோசிப்பார்கள். இரண்டிலும் இதயத்தையும் பெருந்தமனியையும் எக்கோவும் ஸ்கேனும் எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். மரபணுப் பரிசோதனை இங்கேதான் உதவும். வேலூர் சிஎம்சியில் மரபியல் பிரிவு இருக்கிறது.

பெண் பார்க்க வரும்போது சொல்லிவிட வேண்டுமா?

ஜாதகத்தில் ஏழாம் இடம் வரை அலசுகிறார்கள், இதைச் சொன்னால் என்ன? சொல்லிவிடுவதுதான் நல்லது என்பது என் கட்சி. குழந்தை பெற முடியாத நோய் இல்லை, ஆயுளைக் குறைக்கும் நோயும் இல்லை (ரத்தக்குழாய் வகை தவிர). "கனமான வேலை செய்தால் தோள் இறங்கிவிடும்" என்று முன்பே சொல்லிவிட்டால், போன வீட்டில் முதல் பொங்கலுக்கே பெரிய அண்டாவைத் தூக்கச் சொல்லிவிட்டு முகத்தைச் சுளிக்க மாட்டார்கள்.

தோள்பட்டையோ முட்டிச் சில்லோ நழுவிவிட்டது. உடனே என்ன செய்வது?

யாரையும் இழுக்க விடாதீர்கள். கூட்டத்தில் ஒருவர் "நான் புடிச்சு ஏத்தறேன்" என்று வருவார். நல்ல மனசுதான், ஆனால் விலகிய தோளைக் கண்டபடி இழுத்தால் நரம்பும் ரத்தக்குழாயும் அடிபடலாம், கூடவே எலும்பு உடைந்திருந்தால் அது இடம் மாறிவிடும். கை எந்த நிலையில் இருக்கிறதோ அப்படியே துண்டாலோ துப்பட்டாவாலோ கழுத்தில் தூளி கட்டித் தாங்குங்கள். துணியில் சுற்றிய ஐஸ் வைக்கலாம். விரல் மரத்துப்போகிறதா, சில்லிட்டு வெளுக்கிறதா, அசைக்க முடிகிறதா என்று பாருங்கள். இதில் எதிலாவது கோளாறு என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். முதல்முறை நழுவினால் தானாகவே உள்ளே போய்விட்டாலும் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.

முட்டிச் சில்லு பெரும்பாலும் வெளிப்பக்கம்தான் நழுவும். பயந்து காலை உதறினால் வலி இன்னும் கூடும். உட்கார்ந்து தொடையைத் தளர விட்டு, காலை மெதுவாக நீட்டும்போது அதுவே இடத்துக்கு வருவது உண்டு. வராவிட்டால் கால் இருக்கும் நிலையிலேயே தலையணை வைத்துத் தாங்கி ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பழகியவர்களுக்கு அரைகுறையாக நழுவித் தானாகவே திரும்புவது வாராவாரம்கூட நடக்கும். அதற்கு ஒவ்வொரு முறையும் ஆஸ்பத்திரி தேவையில்லை. ஆனால் அன்றைக்கு மட்டும் அந்த மூட்டுக்கு லீவு.

சுளுக்கு எடுக்கலாமா? எண்ணெய் போட்டு உருவினால் சுகமாக இருக்கிறதே?

நம் பக்கத்தில் ஊருக்கு ஒருவர் சுளுக்கு எடுப்பார். சிலருக்குக் கைப்பக்குவம் உண்டு என்பதையும் நான் மறுக்க மாட்டேன். சாதாரண ஆளுக்கு இறுகிப்போன தசையை உருவிவிடுவது இதம். நம் உடம்பில் அந்தத் தசை ஏன் இறுகியது? நழுவப் பார்க்கும் மூட்டைப் பிடித்துக்கொள்ளத்தான். உருவிவிட்ட அன்றைக்குச் சுகமாக இருக்கும். காவலாக நின்ற பிடிப்பு போய்விட்டதால் மறுநாள் கழுத்தோ இடுப்போ முன்னைவிட மோசமாகப் பிடிக்கும். பெரும்பாலானவர்கள் இதைச் "சுளுக்கு முழுசா எடுபடலை" என்று நினைத்து மறுபடியும் போகிறார்கள்.

என்னைக் கேட்டால் இப்படிச் சொல்வேன். வெதுவெதுப்பான எண்ணெய், மேலோட்டமான தடவல், வெந்நீர் ஒத்தடம், இவை தாராளமாகச் சரி. சொடக்கு எடுப்பது, கழுத்தைத் திருகி முறிப்பது, ஒருவர் தோளைப் பிடிக்க ஒருவர் கையை இழுப்பது, இவை வேண்டவே வேண்டாம். முடி வெட்டப் போகும் ஆண்கள் கழுத்துச் சொடக்கைக் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். தளர்ந்த கழுத்தில் அது விளையாட்டில்லை.

நாட்டுக்கட்டு பற்றியும் கேட்கிறார்கள். இறுக்கிக் கட்டிய மூங்கில் பத்தைக்குக் கீழே விரல் கறுத்தாலோ மரத்தாலோ அது வைத்தியம் ஆகாது. எலும்பு முறிந்ததா, மூட்டு விலகியதா, ஜவ்வு நைந்ததா என்று எக்ஸ்ரேயில் தெரியாமல் எந்தக் கட்டும் கட்டிக்கொள்ளாதீர்கள். அப்புறம், எந்தக் கட்டானாலும் வாரக்கணக்கில் அசையாமல் கிடந்தால் தசை வற்றிவிடும். நம்மைப் போன்றவர்களுக்கு அதைத் திரும்ப ஏற்றுவது பெரும்பாடு.

என்ன உடற்பயிற்சி செய்யலாம்?

மெதுவாக, கொஞ்சமாக, தினமும். மூட்டை அசைக்காமல் தசையை மட்டும் இறுக்குவதில் ஆரம்பிப்பார்கள். காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே மடித்த துண்டை வைத்து அதைக் கீழே அழுத்துங்கள். தொடையின் முன்பக்கம் கல்லாக வேண்டும். ஐந்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள். தோளுக்குச் சுவர்தான் கருவி. முழங்கையை மடக்கி உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு, புறங்கையால் சுவரைத் தள்ளுங்கள். அப்புறம் திரும்பி நின்று உள்ளங்கையால். கை அசையக் கூடாது, தசை மட்டும் வேலை செய்ய வேண்டும்.

அடுத்தது உணர்வுப் பயிற்சி. நம் மூட்டு எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் தகவல் நமக்குக் கொஞ்சம் மங்கல். நிலைப்படியில் இடித்துக்கொள்வது, சமதரையில் கால் மடங்குவது எல்லாம் அதனால்தான். பல் தேய்க்கும்போது சுவரைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நில்லுங்கள். அது பழகியதும் சுவரை விட்டுவிட்டு நில்லுங்கள். கண்ணாடி முன்னால் செய்தால் முட்டி பின்னால் வளைகிறதா என்று கண்ணே காட்டிக்கொடுக்கும்.

வலி இருக்கிறதே என்று முழுக்க ஓய்வெடுத்தால் தசை குறைந்து, மூட்டு இன்னும் ஆடி, வலி கூடும். நன்றாக இருக்கும் நாளில் ஆசைப்பட்டு இரண்டு மடங்கு செய்தால் அடுத்த மூன்று நாள் படுக்கை. இரண்டுமே வேண்டாம். பயிற்சி முடிந்த மறுநாளும் வலி தங்குகிறது என்றால் அளவைக் குறையுங்கள். பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும். ஒரு வாரத்தில் விட்டவர்கள்தான் "பிசியோதெரபி எனக்குக் கேட்கலை" என்பார்கள்.

தண்ணீருக்குள் உடம்பு கனம் தெரியாது, அதனால் நீச்சல் நல்லது. ஆனால் தோட்டத்துக் கிணற்றில் மேலிருந்து கையை விரித்துக் குதிப்பது தோளைக் கழற்றும் வேலை. படியில் இறங்கி, கையைத் தலைக்கு மேல் வீசாத நீச்சலாக அடியுங்கள்.

யோகா?

நமக்கு எல்லா ஆசனமும் முதல் நாளே வந்துவிடும், ஆபத்தும் அதுதான். மாஸ்டர் கைதட்டி மற்றவர்களுக்கு உதாரணம் காட்டுவார். பாதி தூரத்திலேயே நிறுத்தித் தசையை இறுக்கிப் பிடித்து நிற்க ஒப்புக்கொள்ளும் மாஸ்டராக இருந்தால் போகலாம். முதுகில் கைவைத்து அழுத்துபவராக இருந்தால் மூச்சுப் பயிற்சியோடு எழுந்து வந்துவிடுங்கள்.

தறி, பனியன் கம்பெனி, பண்ணையம்: வேலையை விடாமல் எப்படிச் சமாளிப்பது?

வேலையை விடச் சொல்ல யாருக்கு மனசு வரும்? வேலை செய்யும் விதத்தைத்தான் மாற்ற வேண்டும்.

பால் கறப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் பலர் கட்டைவிரலை உள்ளே மடித்து, அதன் கணு காம்பில் அழுந்தும்படி கறக்கிறார்கள். தளர்ந்த கட்டைவிரலுக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை. மாட்டின் காம்புக்கும் அது நல்லதில்லை என்று கால்நடை டாக்டர்களே சொல்கிறார்கள். ஐந்து விரலும் சேர்த்து முழுக்கையால் பிடித்து மேலிருந்து கீழாக அமுக்கிக் கறப்பதுதான் முறை. குத்துக்காலிட்டு உட்காராமல் சின்ன முக்காலி போட்டுக்கொள்ளுங்கள். சொசைட்டிக்குக் கேனை ஒரே கையில் தொங்கவிட்டு நடக்காமல், இரண்டு சின்னக் கேனாகப் பிரித்தால் தோள் தப்பிக்கும். கட்டுத்தரையில் மாடு வெட்டென்று இழுக்கும்போது கயிறு மணிக்கட்டில் சுற்றியிருக்கக் கூடாது. இது எல்லோருக்கும் பொருந்தும். நமக்கு இரண்டு மடங்கு.

திருப்பூரில் செக்கிங், கைமடி வேலை என்றால் நாளெல்லாம் நின்றே பார்ப்பது. களைத்ததும் நாம் முட்டியைப் பின்னால் பூட்டி ஜவ்வில் சாய்ந்து நின்றுகொள்வோம். அந்த நேரம் தசைக்கு ஓய்வு மாதிரி தெரியும், ராத்திரி முட்டிக்குப் பின்னால் குடைச்சல் எடுக்கும். முட்டியை ஒரு நூலளவு மடக்கி நில்லுங்கள். ஒரு காலைச் சின்னக் கட்டைமேல் மாற்றி மாற்றி வையுங்கள். தையல் மெஷினில் உட்காருபவர்கள் நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்யுங்கள், முழங்கை தொங்கக் கூடாது. பிசிறு வெட்டும் கத்தரிக்கோலின் பிடியில் துணி சுற்றிப் பருமனாக்கினால் விரல் பின்னால் வளைவது குறையும்.

சோமனூர், பல்லடம் பக்கம் தறி ஓட்டுபவர்களுக்கு, அறுந்த பாவு நூலைக் குனிந்து முடிச்சுப் போடும்போது விரல் நுனியும் இடுப்பும் சேர்ந்து போகும். விரல் நுனிக்குப் பிசியோதெரபியில் மோதிரம் போலச் சின்னப் பட்டை தருவார்கள், கேட்டுப் பாருங்கள். இடுப்பை வளைப்பதற்குப் பதில் முட்டியை மடக்கிக் குனியுங்கள்.

வீட்டில் என்றால் கிரைண்டர். கோயமுத்தூர்க் கிரைண்டர் ஊருக்குப் பெருமைதான், அந்தக் கல்லைத் தூக்கிக் கழுவுவது தோளுக்குத் தண்டனை. சாய்க்கிற மாதிரி வருவதை வாங்குங்கள், அல்லது கல் தூக்குவதை வீட்டில் இன்னொருவர் பொறுப்பாக்குங்கள். குடத்தை இடுப்பில் வைத்தால் இடுப்பு ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். சின்ன வாளி இரண்டு மேல். ஸ்கூட்டியைச் சென்டர் ஸ்டாண்ட் போடுவதை மறந்துவிடுங்கள், சைடு ஸ்டாண்ட் போதும்.

டவுன் பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்து நின்றால் சடன் பிரேக்கில் தோள் கையோடு வந்துவிடும். நிற்கும் கம்பியில் முதுகைச் சாய்த்து, இடுப்பு உயரத்தில் பிடியுங்கள். இடம் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

வள்ளி கும்மி ஆடலாமா? தைப்பூசத்துக்குப் பழனி நடக்கலாமா?

என் மகள் ஆடுகிறாள். வேகம் ஏறும்போது குதித்துத் திரும்பும் அடவுகளில்தான் முட்டிச் சில்லுக்கும் கணுக்காலுக்கும் ஆபத்து. மண் தரை, சிமெண்ட் தரையைவிடப் பரவாயில்லை. வேகமான பாட்டு வந்ததும் ஓரமாக வந்து கைத்தட்டு மட்டும் போடச் சொல்லியிருக்கிறேன். சில நாள் கேட்பாள்.

பழனி நடையில் தார் ரோட்டில் வெறுங்காலோடு நாள்கணக்கில் நடப்பது கடினம். கணுக்காலைப் பிடிக்கும் ஷூ, இரண்டு கையிலும் ஊன்றுகோல், பின்னால் வரும் வண்டியில் அவ்வப்போது ஏறிக்கொள்ளும் ஏற்பாடு, இவற்றோடு நடப்பவர்கள் இருக்கிறார்கள். சென்னிமலையின் 1,320 படியில் ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டியைப் படுத்தும். மலைக்கு வண்டிப்பாதையும் இருக்கிறது, முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சின்னக் குழந்தை. என்ன கவனிக்க வேண்டும்?

நடை கொஞ்சம் தாமதமாக வரலாம். ஒரு கையைப் பிடித்துத் தூக்கவோ, மாமன்கள் இரண்டு கையைப் பிடித்துச் சுற்றவோ கூடாது. ஐந்து வயதுக்குள் முழங்கை எளிதில் நழுவும். காலை இரண்டு பக்கமும் பின்னால் மடித்து உட்கார்ந்தால் மாற்றி உட்காரச் சொல்லுங்கள். பள்ளியில் "எழுத்து மோசம், சோம்பேறி" என்று திட்டு விழும்போது, பேனாவை அழுத்திப் பிடித்து விரல் வலிப்பதை டீச்சரிடம் டாக்டர் சீட்டோடு போய்ச் சொல்லுங்கள். பருமனான பேனா உதவும். பி.டி. பீரியடில் முழுக்க உட்கார வைப்பதும் தப்பு. தாண்டுவது, கழி பிடித்துத் தொங்குவது மட்டும் வேண்டாம்.

கர்ப்பமாக இருக்கும்போது?

கர்ப்பகாலத்தில் சுரக்கும் ரிலாக்ஸின் உள்ளிட்ட ஹார்மோன்கள் ஜவ்வை இன்னும் தளர்த்தும். இடுப்பு முன்னெலும்பு, பின்மூட்டு இரண்டிலும் வலி அதிகமாகலாம். இடுப்புப் பெல்ட், புரண்டு படுக்கும்போது இரண்டு முட்டியையும் ஒட்டிவைத்துத் திரும்புவது, காலிடையே தலையணை, இவை உதவும். முதல் செக்கப்பிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பிரசவ நேரத்தில் காலை மிகையாக விரித்து வைக்கக் கூடாது, சிலருக்குப் பிரசவம் வேகமாக நடந்துவிடும், சிலருக்கு மரத்துப்போகும் ஊசி சரியாக வேலை செய்யாது, தையல் ஆறத் தாமதமாகும். ரத்தக்குழாய் வகை என்று சந்தேகம் இருந்தால் கர்ப்பத்துக்கு முன்பே பெரிய ஆஸ்பத்திரியில் பேச வேண்டும். அது உயிர் சம்பந்தப்பட்டது.

எழுந்து நின்றால் படபடப்பு, தலைசுற்றல். இதற்கும் அதற்கும் சம்பந்தமா?

இருக்கலாம். படுத்திருந்துவிட்டு எழுந்து நின்ற 10 நிமிடத்துக்குள், பிரஷர் பெரிதாக இறங்காமலேயே, நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 30 கூடினால் (12 முதல் 19 வயதினருக்கு 40) அதை பாட்ஸ் என்கிறார்கள். தளர்ந்த மூட்டு உள்ளவர்களிடம் இது அடிக்கடி காணப்படுகிறது. தண்ணீர் நிறையக் குடிப்பதும், டாக்டர் ஒப்புக்கொண்டால் உப்பைக் கூட்டுவதும் உதவும். பிரஷர் நோயும் கிட்னிக் கோளாறும் உள்ளவர்கள் தாமாக உப்பைக் கூட்டக் கூடாது. ரத்தசோகையையும் தைராய்டையும் முதலில் பார்த்துவிடுங்கள்.

மாத்திரை, ஊசி?

பாரசிட்டமால் பரவாயில்லை, பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. கல்லீரல் கோளாறு இருந்தால் அதிலும் குறைவாக, டாக்டர் சொல்லும் அளவில். மெடிக்கலில் கலந்து கட்டித் தரும் வலி மாத்திரைகளை நாள்பட விழுங்கினால் வயிறும் கிட்னியும் கெடும்.

முக்கியமாக ஒன்று: சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின், ஆஃப்லாக்சசின் வகை ஆன்டிபயாடிக்குகள். வயிற்றுப்போக்குக்கும் நீர்க்கடுப்புக்கும் நம் ஊரில் சாதாரணமாக எழுதுவார்கள். இவை தசையை எலும்போடு இணைக்கும் நாரை அறுக்கலாம். மார்ஃபன், எலர்ஸ்-டான்லோஸ் உள்ளவர்களுக்குப் பெருந்தமனி கிழியும் அபாயம் உள்ளதால் வேறு வழி இருந்தால் தவிர்க்கும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018 டிசம்பரில் எச்சரித்தது. உங்கள் மருத்துவச் சீட்டின் முதல் பக்கத்தில் இதை எழுதி வையுங்கள்.

ஆபரேஷன் செய்தால் ஒரேயடியாகச் சரியாகுமா?

தைத்து இறுக்குவதும் அதே இளகலான ஜவ்வைத்தானே? மறுபடி தளர வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். தோளில் ஒரு குறிப்பிட்ட இடம் கிழிந்து திரும்பத் திரும்ப விலகுகிறது, எலும்பின் விளிம்பு தேய்ந்துவிட்டது என்றால் ஆபரேஷன் தேவைப்படலாம். பயிற்சியை ஒழுங்காக மாதக்கணக்கில் செய்துவிட்டு முடிவெடுங்கள். சர்ஜனிடம் பிறவித் தளர்வு பற்றி மறக்காமல் சொல்லுங்கள்.

மாற்றுத்திறனாளி அட்டை கிடைக்குமா?

2016-ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் இந்த நோயின் பெயர் தனியாக இல்லை. நடமாட்டக் குறைபாடு என்ற வகையில் மருத்துவக் குழு எவ்வளவு சதவீதம் தருகிறது என்பதைப் பொறுத்தது. பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் வேண்டும். நல்ல நாளில் போய் நின்றால் ஒன்றும் தெரியாது. எத்தனை முறை எது நழுவியது என்ற ஆஸ்பத்திரிச் சீட்டுகளைத் தேதிவாரியாக எடுத்துப் போங்கள்.

வயதானால் சரியாகிவிடுமா?

வளைவு குறையும், ஏனெனில் வயதாக ஆக எல்லோருக்கும் ஜவ்வு இறுகும். நழுவலும் குறையலாம். வலி தனியாக நிற்கும், அதனால் தசைப் பயிற்சியை 60-லும் விடக்கூடாது.

யாரிடம் போவது?

முதலில் எலும்பு டாக்டர், அவர் மூலம் பிசியோதெரபி. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி இரண்டுமே நமக்கு எட்டும் தூரம்தான். நடமாட முடியாத அளவுக்கு இருந்தால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்யும் வசதி உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். டாக்டரிடம் "உடம்பெல்லாம் வலிக்குதுங்க" என்று மட்டும் சொன்னால் மாத்திரைச் சீட்டோடு திரும்புவீர்கள். எந்த மூட்டு, எந்த வேலையில், எந்தப் பக்கம் நழுவுகிறது என்று சொல்லி, சுண்டுவிரலைப் பின்னால் ஒரே ஒரு தடவை வளைத்துக் காட்டுங்கள். வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கழுத்து வலியோடு கை கால் பலம் குறைவது, சிறுநீர் அடக்க முடியாமல் போவது, திடீரென்று நெஞ்சிலோ முதுகிலோ கிழிப்பது போன்ற வலி, இவை வந்தால் வெளிநோயாளிச் சீட்டுக்கு வரிசையில் நிற்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.